எல்லாருக்கும் மங்கலாகத் தெரியும் ஸ்கோப்

என் புருஷனுக்கு எங்கள் மாவு மில்லில் ஒத்தைக்குண்டு என்று பெயர். ஒரு புறாவுக்கு ஒரு குண்டுதான் செலவழிப்பார் என்பதால் வந்த பெயர். கல்யாணமான புதிதில் நான் கொஞ்சம் பூசினாற்போல் இருப்பேன். "ஒத்தைக்குண்டுக்கு வாய்ச்சது ரெட்டைக்குண்டு" என்று ஒரு லோடுமேன் சொல்லிவிட்டு என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். அதற்கப்புறம் என் காதுபட யாரும் சொல்லவில்லை. காதுபடாமல் சொல்லியிருப்பார்கள், சொல்லட்டும்.

புறா சுடுவதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்பவர்கள் மாவு மில்லுக்குள் காலடி வைத்ததில்லை என்று அர்த்தம். கோதுமை வாசனைக்கு ஊர்ப்பட்ட புறாவும் வந்து கூரைக்கு அடியில் இரும்பு உத்திரங்களில் உட்கார்ந்துகொள்ளும். உட்கார்ந்தால் சும்மா இருக்குமா? தைத்து அடுக்கிய மூட்டைமேல் ஒரு எச்சம் விழுந்தால் போதும், மாவு வாங்கும் கம்பெனி லாரியோடு திருப்பி அனுப்பிவிடும். வலை கட்டிப் பார்த்தார்கள், பட்டாசு வெடிக்கலாமா என்று ஒரு அதிமேதாவி கேட்டான். மாவுத் தூசியில் ஒரு பொறி பட்டால் மில்லே வெடித்துக் கூரையோடு போய்விடும். அதனால்தான் காற்றில் சுடும் ஏர்கன். அதைத் தோளில் மாட்டிக்கொண்டு ஷிப்ட் மாறும்போதும் சாப்பாட்டு நேரத்திலும், மெஷின்கள் நிற்கும்போதெல்லாம், அவர் உள்ளே ஒரு சுற்று வருவார். மற்ற நேரத்தில் எலிப்பொறி, பூச்சி மருந்து. நான் அதே மில்லில் மூட்டை வாய் தைக்கும் மெஷினில் இருந்தேன்.

எனக்கு தினக்கூலி. அவர்தான் பெர்மனென்ட். மில்லுக்குப் பின்னால் வரிசையாக இருக்கும் வீடுகளில் ஒன்று எங்களுக்கு இருந்ததும் அவர் பெயரில்தான். மாப்பிள்ளை என்று ஒருவன் வந்து ஒரு பிள்ளையைக் கொடுத்துவிட்டுக் காணாமல் போனபின் என் மகளும் அங்கேதான் வந்து சேர்ந்தாள். வேலை போனால் வீடு போகும், வீடு போனால் நாலு பேருக்கும் தெருதான். இதைச் சொல்லி யாரும் எங்களை மிரட்டவில்லை. அந்த வரிசையில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

கூரையில் வெளிச்சத்துக்காக இடையிடையே பிளாஸ்டிக் தகடு போட்டிருக்கும். அந்த வருஷம் மழை பிடித்தபோது அதில் ஒழுக ஆரம்பித்தது. ஒரு இடம் அல்ல, பல இடம். மேனேஜர் அண்ணாந்து பார்த்தார். ஒவ்வொரு ஓட்டையும் ஈயக்குண்டு அளவு.

"என்னய்யா இது? புறாவைச் சுடச் சொன்னா வானத்தைச் சுட்டிருக்கீங்க?" என்றார். கெட்ட மனுஷன் இல்லை அவர். சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

"துப்பாக்கி முனையில இருக்கற குறி தேஞ்சுபோச்சு சார். சேரவே மாட்டேங்குது."

"அப்ப ஒரு ஸ்கோப் மாட்டிக்க வேண்டியதுதானே? நீங்களே பார்த்து நல்லதா வாங்கிட்டு வாங்க. ஆனா இன்னொரு ஓட்டை விழுந்துச்சுன்னா மேல பதில் சொல்ல என்னால முடியாது, இப்பவே சொல்லிட்டேன். வெளியாள் யாரையாவது கூப்பிடச் சொல்லிடுவாங்க."

வீட்டுக்கு வந்ததும் நான் ஆரம்பித்தேன். "ஆடத் தெரியாதவ தெருக் கோணல்னாளாம். நேத்து வரைக்கும் நல்லா இருந்த குறி இன்னைக்கு எப்படிங்க தேஞ்சுது? எலி கடிச்சுதா?" வழக்கமாக நான் ஒன்று சொன்னால் அவர் ஒன்பது சொல்வார். அன்றைக்கு டீயை எடுத்துக் குடித்தார். டம்ளரை வைக்கும்போது மேடைக்கு வெளியே வைத்தார். விழுந்து உருண்டது. அதற்கும் ஒரு பாட்டு வாங்கினார். பல மாதமாகவே அவர் எதையாவது கொட்டிக்கொண்டும் தட்டிவிட்டுக்கொண்டும் இருந்தார், நானும் திட்டிக்கொண்டே இருந்தேன்.

ஸ்கோப் வாங்க நானும் போனேன். துப்பாக்கியைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டோம். அந்தக் கடை ரயில்பெட்டி போல நீளம், வாசலில் மட்டும்தான் ஜன்னல். கடைக்காரர் ஒல்லியான ஆள், மூக்கு நுனியில் கண்ணாடி, பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்.

"எதை அடிக்கப் போறீங்க?"

"புறா."

"எவ்வளவு தூரம்?"

"உங்க கடை நீளத்துக்கு ரெண்டு மடங்கு இருக்கும். அதுக்கு மேல போனா மாவு மில் சுவருதான்," என்றார் இவர்.

"அப்படீன்னா பெரிசா நீளமா எதுவும் வேண்டாம். நாலு மடங்கு பெரிசாக் காட்டினாப் போதும். அதுக்கு மேல போனா புறாவோட கால் நகம்தான் தெரியும், புறா தெரியாது." சொல்லிக்கொண்டே இரண்டு ஸ்கோப்பை மேஜைமேல் வைத்தார். இரண்டும் கறுப்பு, ஒரே நீளம், அக்கா தங்கை மாதிரி. "இது ரெண்டுலயும் ஃபோகஸைத் திருகறதுக்கு ஒண்ணும் கிடையாது. கம்பெனியில எந்தத் தூரத்துக்கு வச்சு மூடினாங்களோ அந்தத் தூரத்துக்குத்தான் தெளிவாத் தெரியும். அப்புறம் மாத்த முடியாது. பொண்டாட்டி மாதிரி. வாங்கும்போதே பார்த்து வாங்கிடணும்."

"புருஷனை மட்டும் திருகி மாத்திடலாமாக்கும்," என்றேன் நான்.

கடைக்காரர் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை.

கடைக்காரர் முதல் ஸ்கோப்பைத் துப்பாக்கிமேல் வளையத்தில் பொருத்தினார். "இது பெரிய ரைஃபிளுக்குச் செஞ்சது. நூறு கஜத்துக்கு வச்சு மூடினது. கிட்ட இருக்கறதைப் பார்த்தா புகையாத் தெரியும். அதுமட்டுமில்ல, உங்க கண்ணு கொஞ்சம் இப்படி அப்படி நகர்ந்தா உள்ள இருக்கற கூட்டல் கோடும் புறாவை விட்டு நகரும். குண்டு ஒரு கட்டைவிரல் அகலம் தள்ளிப் போயிடும். புறா தலை அவ்வளவுதானே?" அடுத்ததை விரலால் தட்டினார். "இது ஏர்கன்னுக்குன்னே செஞ்சது. கிட்டத்துக்கு வச்சு மூடினது. உங்களது ஸ்பிரிங் துப்பாக்கி, பின்னாடி ஒரு உதை உதைக்கும், முன்னாடி ஒரு உதை உதைக்கும். சாதா ஸ்கோப்புக்கு அந்த முன் உதை ஆகாது, உள்ள கண்ணாடி ஆட்டம் கண்டுடும். இது தாங்கும். நீங்களே பாருங்க."

கடையின் கோடியில் ஒரு அட்டைப்பெட்டியை வைத்தார். முதல் ஸ்கோப்பில் நான்தான் முந்திப் பார்த்தேன். எனக்கு எல்லாவற்றிலும் அவசரம். அடுப்பில் பால் பொங்கும்போது எழும் ஆவி வழியாகப் பார்ப்பது போல இருந்தது. அது பெட்டி என்று தெரிந்தது, அவ்வளவுதான். இரண்டாவதை மாட்டிக் கொடுத்தார். அடேயப்பா! பெட்டிமேல் அச்சடித்திருந்த எழுத்து, அதன் ஓரம் கிழிந்திருந்தது, அதில் யாரோ நசுக்கிய கொசு, கொசுவின் கால்கூடத் தெரிந்தது. "என்னங்க, இதுதாங்க! கொசுவைக்கூடச் சுடலாம் போலிருக்கு!" என்று கத்திவிட்டேன்.

அவர் வாங்கிப் பார்த்தார். கன்னத்தைக் கட்டையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். தலையைக் கொஞ்சம் வலப்பக்கம் சாய்த்தார், இடப்பக்கம் சாய்த்தார். பிறகு முதல் ஸ்கோப்பை மாட்டச் சொல்லி அதிலும் பார்த்தார். மறுபடி இதில். நெற்றியில் வியர்த்திருந்தது.

"முதல்ல காட்டினீங்களே, அதையே குடுங்க," என்றார்.

கடைக்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "அண்ணே, தப்பா எடுத்துட்டீங்க. அது தூரத்துக்கு."

"எனக்கு அதுதான் ஒத்துவருது."

"ரெண்டும் ஒரே விலைதாண்ணே! இதை வச்சு மில்லுக்குள்ள என்னத்தைப் பார்ப்பீங்க? அக்கா, நீங்களாவது சொல்லுங்க."

அக்கா சொல்லாமல் இருப்பேனா? கடை என்றும் பார்க்கவில்லை. உங்களுக்கு மூளை கெட்டுப்போச்சா, மேனேஜர் நல்லது வாங்கச் சொன்னால் குப்பையைப் பொறுக்குகிறீர்களே என்று கேட்டேன். அவர் என் பேச்சை வாசலில் கடந்துபோகும் வண்டிச் சத்தம் மாதிரி விட்டுவிட்டு, பில் போடச் சொன்னார். ஸ்கோப்பைக் கழற்றித் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு நடந்தார். நான் பின்னால் திட்டிக்கொண்டே போனேன்.

பஸ் நிறுத்தத்தில் யாரும் இல்லை. உட்கார்ந்ததும் சொன்னார்.

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

"எது ரெண்டும்?"

"ரெண்டு கண்ணாடியும். நீ சொன்ன கொசு எனக்குத் தெரியலை. எழுத்தும் தெரியலை. பெட்டியே தெரியலை."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. விளையாடுகிறாரோ என்று. அவர் ரோட்டைப் பார்த்தபடி சொல்லிக்கொண்டே போனார். நடுவில் ஒரு கறை. இரண்டு கண்ணிலும். எதைப் பார்க்கிறாரோ அது மட்டும் கறைக்குள் போய்விடும், அதைச் சுற்றி இருப்பதெல்லாம் தெரியும். அதனால்தான் நடக்க முடிகிறது, வண்டிக்கு ஒதுங்க முடிகிறது, யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஒன்றைப் பார்க்கவேண்டும் என்றால் அதைப் பார்க்காமல் அதற்குப் பக்கத்தில் பார்க்கவேண்டும். கண் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போய் வந்திருக்கிறார், எலி மருந்து வாங்கப் போவதாக என்னிடம் சொல்லிவிட்டு. போனது போனதுதான், இருப்பதும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும், மருந்து கிடையாது என்று சொல்லிவிட்டார்களாம்.

"பெரிசாக் காட்டினா கறையைத் தாண்டித் தெரியும்னு நினைச்சேன். கொஞ்சம் தெரியுதுதான். ஆனா நடுவுல கோடு ரெண்டும் சேர்ற இடம் இருக்கு பாரு, அதுதான் போயிடுது. புறாவும் அதோட போயிடுது."

"அதுக்கு நல்லதையாவது வாங்கித் தொலைச்சிருக்கலாமே!"

"நல்லதை வாங்கினா மேனேஜர் ஒருநாள் வாங்கிப் பார்ப்பாரு. அவருக்குப் பளிச்சுனு தெரியும். எனக்குத் தெரியாது. அப்ப யார்மேல பழி? இதுல பார்த்தா அவருக்கும் புகைதான்." பையை மடியில் இறுக்கிக்கொண்டார். "மங்கலா இருந்தா எல்லாருக்கும் மங்கலாவே இருக்கட்டும்."

திட்டுவதற்கு என்று திறந்த வாயை என்ன செய்வதென்று தெரியவில்லை. பஸ் வந்தது. அவர் எனக்கு முன்னால் ஏறி, இடம் பிடித்து, என்னை ஜன்னலோரம் உட்காரச் சொன்னார். வழியெல்லாம் அழுதேன். டம்ளரைத் தட்டிவிட்டதற்குத் திட்டியதை நினைத்து அழுதேன்.

அழுது என்ன ஆகப்போகிறது? அடுத்த நாளே நாங்கள் வேலையில் இறங்கினோம். மில்லுக்குப் பின்னால் அட்டையைக் கட்டி அவர் சுடுவார், குண்டு எங்கே பட்டது என்று நான் போய்ப் பார்த்துச் சொல்வேன். "ரெண்டு விரக்கடை கீழ. கொஞ்சம் இடது." அவர் ஸ்கோப்பின் திருகாணியைத் திருப்புவார். சாப்பாட்டு நேரத்தில் நான் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு கூட்டுகிற சாக்கில் அவர் முதுகுக்குப் பின்னால் நிற்பேன். உத்திரங்களுக்கு நம்பர் எழுதியிருக்கும். "நாலு. இடது கோடி. குழாய்க்கு இந்தப் பக்கம்," என்று உதடு அசையாமல் சொல்வேன். அந்த ஸ்கோப்பில் நாலு பக்கமிருந்து வரும் கோடுகள் ஓரத்தில் தடிப்பாகவும் நடுவில் முடி போல மெலிந்தும் இருக்கும். நடு அவருக்கு இல்லை. ஓரத்துத் தடித்த கோடு நாலும் தெரியும், அந்த நாலுக்கும் மத்தியில்தான் புறா என்று கணக்குப் போட்டுத் துப்பாக்கிக் குதிரையை இழுப்பார்.

புறா விழும். ஆனால் செத்து விழாது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. முன்பெல்லாம் அவர் சுட்ட புறா விழும்போதே முடிந்திருக்கும், தலையில்தான் அடிப்பார், அதற்குத் துன்பம் தெரியாது. இப்போது சிறகில் பட்டு விழுந்தது, வயிற்றில் பட்டு விழுந்தது, மூட்டைகளுக்கு இடையில் தவ்வித் தவ்விப் போய் ஒளிந்துகொண்டது. நான் கையைவிட்டுத் துழாவி எடுத்துக் கழுத்தைத் திருகுவேன். சூடாக இருக்கும். கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டி என்னையே பார்க்கும். திருகிவிட்டுக் கையைக் கழுவி அதே கையால் சாப்பிடுவேன். பாவம் என்று ஒன்று இருந்தால் அது யார் கணக்கில் ஏறும் என்று தெரியவில்லை. வீட்டில் பேரன் தூங்கும்போது போய்ப் பார்ப்பேன், சரி, இருக்கட்டும் என்று தோன்றும்.

சில நாள் ஒன்றும் விழாது. ஆனால் கூரையில் ஓட்டை விழவில்லை. தகட்டுக்கு நேராகப் புறா உட்கார்ந்திருந்தால் நான் சொல்லவே மாட்டேன்.

மேனேஜர் ஒருநாள் துப்பாக்கியை வாங்கிக் கண்ணில் வைத்தார். "என்னய்யா இது, ஒரே பனிமூட்டமா இருக்கு?"

"கிட்டத்துல அப்படித்தான் சார் தெரியும். பழகிக்கணும்," என்றார் இவர், கல்லுப்பிள்ளையார் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

"இதை வச்சுக்கிட்டா அடிக்கிறீங்க? கையெடுத்துக் கும்பிடணும் உங்களை!"

இந்தப் பேச்சு மில் பூராவும் பரவியது. ஒத்தைக்குண்டு புகைக்குள்ளயே பார்த்து அடிக்கிறாராம், கண்ணை மூடிக்கிட்டுக் குடுத்தாலும் அடிப்பாராம். கண் நன்றாக இருந்த காலத்தில் கிடைக்காத பேர் அப்போதுதான் கிடைத்தது. அவருக்கு அதில் உள்ளூரச் சந்தோஷம்கூட இருந்தது என்று நினைக்கிறேன். எனக்கும் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்? கூடவே பயமும் இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவளுக்கு ஒவ்வொரு கவளத்துக்கும் பயம்தான்.

கெடுத்தது யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை. மேனேஜருக்கு மனசு கேட்கவில்லை. நம் ஆளை ஏமாற்றிக் குப்பையைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று கடைக்காரருக்குப் போன் செய்து சத்தம் போட்டிருக்கிறார். கடைக்காரர் சும்மா இருப்பாரா? நல்லதைத்தான் காட்டினேன், உங்க ஆள்தான் பிடிவாதமாக இதை எடுத்தார் என்றிருக்கிறார். மேனேஜர் அதற்குத் தானே ஒரு அர்த்தம் கண்டுபிடித்துக்கொண்டார். இவர் கூச்சப்பட்டு நல்லதை விட்டுவிட்டாராம்!

மாவு வாங்கும் கம்பெனியிலிருந்து சுத்தம் பார்க்க ஒரு அம்மா வரும் நாள் அது. மெஷின்களை நிறுத்திக் கூட்டித் துடைத்து வைத்திருந்தோம். கடைக்காரர் காலையிலேயே மில்லுக்கு வந்து, துப்பாக்கியில் அந்தத் தெளிவான ஸ்கோப்பை மாட்டி, அட்டையில் சுட்டுக் குறியைச் சரிசெய்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். எங்களுக்கு ஒன்றும் தெரியாது. எல்லோரும் கூடி நின்றபோது மேனேஜர் துப்பாக்கியை எடுத்து இவரிடம் மாலை போடுவது போல நீட்டினார்.

"உங்களுக்கு வாய் திறந்து கேக்கத் தெரியாது. அதான் நானே வாங்கிட்டேன். பாருங்க!"

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பார்களே, அதுதான். எல்லோரும் ஒருமுறை வாங்கிப் பார்த்தார்கள். ஆகா, உத்திரத்தில் ஆணி தெரியுது, ஆணியில் துரு தெரியுது என்றார்கள். அந்தக் கம்பெனி அம்மாவும் பார்த்தார். கடைசியில் அது இவர் கைக்கு வந்தது. கண்ணில் வைத்தார்.

"பளிச்சுனு இருக்கு சார்," என்றார்.

"அப்ப ஒண்ணு அடிச்சுக் காட்டுங்க. மேடம் பார்க்கட்டும்."

நான் விளக்குமாறு இல்லாமலே அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றேன். மேலே தேடினேன். சுத்தம் செய்த இரைச்சலில் புறா எல்லாம் ஓடியிருந்தது. ஒன்றே ஒன்று மிச்சம். "ஆறு. வலது கோடி," என்றேன். அவர் துப்பாக்கியைத் தூக்கினார். தலையைச் சாய்த்து, கண்ணை அதற்குப் பக்கத்தில் வைத்துத் தேடினார். சுட்டார்.

மேலே டப்பென்று ஒரு சத்தம். ஆறாவது உத்திரத்தில் புறா அலட்சியமாகப் பறந்துபோனது. ஐந்தாவது உத்திரத்திலிருந்து பழுப்பாக ஒன்று தலைகீழாகக் கவிழ்ந்து கயிற்றில் ஆடியது. பிளாஸ்டிக் பருந்து. புறாவைப் பயமுறுத்துவதற்காகக் காலையில்தான் எலக்ட்ரீஷியன் கொண்டுபோய்க் கட்டியிருக்கிறான். மேலே தேடும்போதே நான் அதைப் பார்த்திருந்தேன், ஆனால் அது அவர் கண்ணில் புறாவாகும் என்று எனக்குத் தோன்றவில்லை.

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு மேனேஜர் வெடித்துச் சிரித்தார். "போட்டிக்கு ஆள் வந்தா ஒத்தைக்குண்டு விடுவாரா! பருந்தைத்தான் முதல்ல போட்டாரு!" எல்லோரும் சிரித்தார்கள், கைதட்டினார்கள். அந்த அம்மாகூடச் சிரித்தார். இவரும் புரிந்துகொண்டு, "சும்மா ஒரு தமாஷுக்கு," என்று சிரித்தார். நானும் சிரித்தேன். கூட்டம் அவரைச் சூழ்ந்தது, தோளைத் தட்ட வந்தவர்கள் என்னைப் பின்னால் தள்ளிவிட்டார்கள். ஆளாளுக்குப் பாராட்டிக் கைகுலுக்கி முடிக்க வெகுநேரம் ஆனது.

பிழைத்தோம் என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, அவர் துப்பாக்கியை மடக்கி அடுத்த குண்டைப் போட்டிருந்தார்.

"இருங்க, இன்னொண்ணு இருக்கு," என்றார். கைதட்டு வாங்கிய தெம்பு அவர் குரலில் இருந்தது. துப்பாக்கி மேலே போனது. நானும் மேலே பார்த்தேன். மூலைத் தூணில் இருக்கும் ஏணி வழியாக எலக்ட்ரீஷியன் ஏறி ஐந்தாவது உத்திரத்துக்கு வந்திருந்தான். சாம்பல் நிற யூனிபாரம். பருந்தைத் திரும்பக் கட்டுவதற்காகக் குப்புறப் படுத்து, தலையை மட்டும் வெளியே நீட்டி, கயிற்றுக்குக் கையைவிட்டுக்கொண்டிருந்தான். கீழே எல்லோரும் கைதட்டு வாங்கிய ஆளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேலே பார்த்தது நானும் என் புருஷனும்தான். குண்டு கண்ணில் பட்டால் கண் போகும், கை நழுவினால் மூன்று மாடி உயரம், கீழே சிமென்ட் தரை. அவனுக்கு இரண்டு பெண் குழந்தைகள். என்னை அக்கா என்று கூப்பிடுவான்.

"சுடாதீங்க! ஐயோ, அவருக்குக் கண்ணு தெரியாது! யாராவது துப்பாக்கியைப் புடுங்குங்க! அவருக்குக் கண்ணே தெரியாது!"

என் குரல்தான். கூரையில் போய் மோதித் திரும்பி வந்தது.

மேனேஜர் எட்டிக் குழலைக் கீழே அழுத்தினார். குண்டு ஒரு மூட்டைக்குள் போனது. மாவு மெல்லிய கோடாகத் தரையில் கொட்டியது. "என்னக்கா?" என்று மேலிருந்து எலக்ட்ரீஷியன் கேட்டான்.

மேனேஜர் இவர் முகத்துக்கு முன்னால் இரண்டு விரலை நீட்டினார். "இது எத்தனை?" என்று மெதுவாகக் கேட்டார். கேட்டிருக்கவே வேண்டாம். இவர் கொஞ்சம் தலையைத் திருப்பியிருந்தால் சொல்லியிருக்க முடியும். திருப்பவில்லை. துப்பாக்கியை மேனேஜர் கையிலேயே கொடுத்துவிட்டார். "இந்த மாசம் முடியறவரைக்கும் வீட்டுல இருங்க. நான் மேல பேசிப் பார்க்கறேன்," என்றார் மேனேஜர். பேசி ஒன்றும் ஆகாது என்பது அவர் குரலிலேயே தெரிந்தது. கூட்டம் ஓசையில்லாமல் விலகி வழிவிட்டது, பிணம் போகும்போது விலகுவார்களே, அப்படி.

மில்லுக்குப் பின்வாசலில் வந்துதான் அவர் பேசினார்.

"ஆளு இருக்குன்னு மட்டும் கத்தியிருக்கலாமே."

நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டு நடந்தேன். கத்தியிருக்கலாம். 'ஆளு, ஆளு' என்றால் போதும், அவர் நிறுத்தியிருப்பார். அதையும் ஒரு தமாஷ் என்று சிரித்திருப்பார்கள். வேலை இருந்திருக்கும், வீடு இருந்திருக்கும். நாளைக்கு நான் மறுபடி அவர் முதுகுக்குப் பின்னால் நின்றிருப்பேன், மூட்டைக்கு இடையில் கையைவிட்டிருப்பேன். பதற்றத்தில் வந்த வார்த்தை என்று சொல்லிவிடலாம். ஆனால் பதற்றத்தில் ஒரு தடவைதான் வரும். நான் இரண்டு தடவை சொன்னேன்.

"கத்தியிருக்கலாங்க," என்றேன். "என்னால முடியலை. போதும்னு ஆயிடுச்சு."

அவர் நின்றார். என் பக்கம் திரும்பினார். பஸ் நிறுத்தத்தில் சொன்ன நாளிலிருந்து, என்னைப் பார்க்க வேண்டுமென்றால் அவர் என் காதுக்கு அந்தப் பக்கம்தான் பார்ப்பார், அப்போதுதான் நான் தெரிவேன். இப்போது நேராக என் முகத்தையே பார்த்தார். நேராகப் பார்த்தால் அவருக்கு நான் கிடையாது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே நின்றார்.